காத்தா, கரண்டா

எனக்கு வேலை கிடைத்துவிட்டதா இல்லையா என்பதை அவர் கடைசிவரை சொல்லவே இல்லை.

கம்பைநல்லூர் கடைத்தெரு முடிந்து அரூர் போகிற சாலையில் இருந்தது அவருடைய பட்டறை. தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர். கேட், மாடிப்படிக் கைப்பிடி, ஓட்டலுக்கு அடுப்பு மேடை, பால்காரர்களுக்குக் கேன் கழுவும் தொட்டி என்று இரும்பிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் எது கேட்டாலும் செய்து கொடுப்பார்கள். நான் ஐ.டி.ஐ. முடித்து, கோயம்புத்தூரில் ஐந்து வருடம் ஆர்கான் வெல்டிங் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊர் திரும்பியிருந்தேன். நான் வெல்டு வைத்த குழாய்த் துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெல்டின் மேல் கட்டைவிரலை ஓட்டினார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார்.

"அப்ப நாளையிலருந்து வரலாங்களாண்ணா?"

தாடையைச் சொறிந்தார். கூரையைப் பார்த்தார். பிறகு, "நோடோணா" என்றார்.

அவர்கள் வீட்டில் பேசுவது கன்னடம். நோடோணா என்றால், பார்க்கலாம். மறுநாள் போய்க் கேட்டேன். நோடோணா. அதற்கு மறுநாளும் அதேதான். நாலாம் நாள் நான் கேட்கவில்லை. ஆணியில் தொங்கிய வெல்டிங் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பாதியில் நின்றிருந்த ஒரு கைப்பிடியை இழுத்துப் போட்டு முடித்தேன். சாயங்காலம் வந்து பார்த்தவர் அதன் மேலும் கட்டைவிரலை ஓட்டினார். "நாளைக்கு வர்றப்ப சோறு கட்டிட்டு வந்துரும்மா, இந்தப் பக்கம் நல்ல ஓட்டல் கெடையாது" என்றார். அவ்வளவுதான் என் நியமன உத்தரவு. ஆறு வருடம் அங்கே இருந்தேன்.

பட்டறையில் அவருக்குப் பெயரே நோடோணாதான். முதுகுக்குப் பின்னால் என்று சொல்ல முடியாது, நேராகவே சிலர் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். உயரமான மனிதர். தொட்டிக்குள்ளும் மேசைக்கடியிலும் குனிந்து குனிந்து முதுகு லேசாக வளைந்திருக்கும். சட்டைப் பையில் சாக்குக்கட்டி எப்போதும் இருக்கும், அதனால் இடது மார்பு மட்டும் வெளுத்துக் கிடக்கும். கேட் செய்ய யாராவது வந்தால், தரையில் உட்கார்ந்து ஒரு மாதிரியை வரைவார். பிறகு பக்கத்திலேயே இன்னொன்று. வந்தவர் ஒன்றைக் காட்டி, "இதையே போட்ருங்க" என்பார். "அதுவும் நல்லாத்தான் இருக்குது. ஆனா வூட்ல சின்னப் புள்ளைங்க இருக்குதுங்களா? கம்பி இடுக்குல தலைய வுட்டுக்கும். நோடோணா, ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிடுவார். ரெண்டு நாளும் நாங்கள் அந்தக் கோடுகளை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடப்போம்.

ஏரியூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் புது வீடு கட்டிக் கேட்டுக்குச் சொல்லியிருந்தார். கேட்டில் வைப்பது மயிலா, சூரியனா என்பது முடிவாகவில்லை. புதுமனைப் புகுவிழா வந்துவிட்டது. வாசலில் மூங்கில் தட்டியைக் கட்டி வைத்துவிட்டு விருந்தாளிகளை உள்ளே விட்டார்களாம். மறுநாள் அவர் பட்டறைக்கு வந்து கத்திய கத்தில் டீக்கடை ஆட்கள் எழுந்து வந்தார்கள். இவர் எல்லாம் கேட்டுவிட்டு, ஒரு கதவில் மயிலும் மறு கதவில் சூரியனும் வைத்து நாலே நாளில் முடித்து, தானே கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தார். அடுத்த மாதம் ஏரியூரிலிருந்தே இரண்டு பேர், "அந்த மயிலும் சூரியனும் மாதிரிதான் வேணும்" என்று வந்தார்கள். அவர்களையும் ரெண்டு நாள் கழித்து வரச் சொன்னார்.

அவருடைய மனைவி இதற்கு நேர் எதிர். நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். மத்தியானம் மோர் கொண்டுவருவார். நின்ற இடத்தில் நாலு விஷயத்தை முடித்துவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் மோர் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"இவரு என்னையப் பொண்ணு பாக்க வந்த கதை தெரியுமா ஸ்டெல்லா? காப்பி குடுத்தாச்சு, எங்கப்பா கேக்கறாரு, என்ன தம்பி சொல்றீங்கன்னு. இவரு மேல பாத்துட்டு நோடோணாங்கறாரு. எங்கப்பாவுக்கு மூஞ்சி செவந்துருச்சு. நான் உள்ளருந்து வந்து, நோடாயித்து, தேதி வையுங்கன்னுட்டேன்."

நோடாயித்து என்றால், பார்த்தாயிற்று. அவர் அந்தப் பக்கம் திரும்பி ஒரு போல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது.

அவருடைய நோடோணாக்களிலேயே நீளமானது ஒரு மிஷினைப் பற்றியது. ஊரே அதில் இறங்கியது.

நான் சேர்ந்த மூன்றாம் வருடம் மாசி மாதம் ஒரு மாம்பழக்கூழ்க் கம்பெனிக்காரர்கள் வந்து நாலு ஸ்டெயின்லெஸ் தொட்டிகளுக்குச் சொன்னார்கள். ஒவ்வொன்றும் ஆள் உள்ளே இறங்கி நிற்கிற உயரம். மாங்காய் சீசன் தொடங்குவதற்குள் தரவேண்டும். அதுவரை எங்கள் பட்டறைக்கு அவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. கூடவே வந்த தரம் பார்க்கிற மேடம் ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். உள்பக்கம் வெல்டு இருக்கிற இடமே தெரியக் கூடாது. சொரசொரப்பு இருந்தால் கூழ் அதில் ஒட்டிக்கொண்டு புளித்துவிடும். கைப்பையிலிருந்து ஒரு பஞ்சு உருண்டையை எடுத்துக் காட்டினார். "இதை வெல்டு மேல இழுப்பேன். ஒரு நூல் சிக்குனாலும் தொட்டி திரும்பி வந்துரும்."

அதுவரை நாங்கள் வெல்டைத் தேய்த்தது நாலு இஞ்ச் கிரைண்டரில். அதன் வீல் கொஞ்சம் சாய்ந்தாலும் தகட்டில் பள்ளம் விழும், அழுத்தினால் சூடேறித் தகட்டில் நீலம் பாயும். இந்த வேலைக்குப் பெல்ட் சாண்டர்தான் சரி. கைக்கு அடக்கமான மிஷின், முன்னால் நீண்ட ஒரு கை, அதன் மேல் விரல் அகலத்துக்கு எமரி பெல்ட் சுற்றிச் சுற்றி ஓடும். அதில் இரண்டு வகை. ஒன்று கரண்டில் ஓடுவது. மற்றது கம்ப்ரஸர் காற்றில் ஓடுவது. தர்மபுரியில் டூல்ஸ் கடை வைத்திருப்பவர் இரண்டிலும் ஒவ்வொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு எது வேணுமோ வெச்சுக்கங்க" என்றார். பாவம், இவரைப் பற்றி அவருக்குத் தெரியாது.

தேய்க்கிற வேலை மாதண்ணனுடையது. சித்தேரி மலைக்காரர். வாரம் முழுக்கப் பட்டறைக்குப் பின்னால் ஒரு அறையில் தங்குவார். சனிக்கிழமை மலை பஸ் பிடித்துப் போய்த் திங்கட்கிழமை சாமையோ தேனோ கொண்டு திரும்புவார். அவர் கரண்டு மிஷினை முதலில் எடுத்தார். கனமாக இருந்தது. ஆனால் பிளக் இருக்கிற இடத்தில் எல்லாம் ஓடியது. வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகும் இருந்தது. வெல்டு வெண்ணெய் போல வழித்துக்கொண்டு வந்தது. அரை மணி நேரம் போனதும் மிஷின் உடம்பு கொதித்தது, கையுறைக்குள் கை வெந்தது. காத்து மிஷின் அதில் பாதி எடை. எவ்வளவு ஓடினாலும் சூடே கிடையாது. ஆனால் காற்றை மாடு தண்ணீர் குடிப்பதுபோல் குடித்தது. எங்கள் கம்ப்ரஸர் பெயிண்ட் அடிக்க வாங்கிய சின்னது. ஒரு முழம் தேய்ப்பதற்குள் மிஷின் சுருதி இறங்கி நின்றுவிடும். டேங்க் நிரம்புகிற வரை மாதண்ணன் பீடி பற்றவைப்பார். சத்தமும் காதைக் கிழித்தது.

இரண்டிலும் தேய்த்த துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பஞ்சை இழுத்துப் பார்த்தோம். இரண்டிலும் சிக்கவில்லை.

"காத்தா, கரண்டாங்கண்ணா?" என்றேன்.

அவர் கூரையைப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே ஒரு நீள நோட்டு வாங்கிவந்தார். இடது பக்கம் காத்து, வலது பக்கம் கரண்டு. ஏதாவது தோன்றும்போதெல்லாம் எழுதுவார். யாரைப் பார்த்தாலும் கேட்பார். கறிவேப்பிலை விற்க வந்த அம்மாவிடம் கேட்டார். அரூர் பஸ் கண்டக்டரிடம் கேட்டார். அந்த ஆள் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு, "எனக்கு எப்பவும் காத்துதாங்க" என்றாராம். மாதண்ணன் சித்தேரி போய் வந்தபோது, "மலையில என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். "அங்க காத்து அடிச்சாவே கரண்டு போயிருது ஓனரு, ரெண்டையும் சேத்து யாரும் பாத்ததில்ல" என்றார் மாதண்ணன். அதையும் எழுதிக்கொண்டார், எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

எங்கள் ஊர் மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி வைக்க ஒரு தட்டு செய்திருந்தோம். அதைக் கொடுக்க என்னோடு வந்தவர், ஃபாதரையும் விடவில்லை. ஃபாதர் பொறுமையாக முழுவதும் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் கம்ப்ரஸர் எதுல ஓடுதுங்க?"

"கரண்டுல."

"அப்ப காத்தும் கரண்டுதானே?"

அதற்கப்புறம் ஒரு வாரம் அவர் நோட்டைத் திறக்கவே இல்லை. நான் ஃபாதரை மனதுக்குள் திட்டினேன். அப்படித் திட்டியதற்காக அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்பும் கேட்டேன்.

பட்டறைக்கு எதிரே டீக்கடை. அங்கே இது கட்சியாகவே பிரிந்துவிட்டது. பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த சலீம் பாய் காத்துக் கட்சித் தலைவர். அவருக்கு வாழ்க்கையே காற்றுதான். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற குமார் கரண்டுக் கட்சி. ஒரு செவ்வாய்க்கிழமை சந்தை நாளில் கை தூக்கி ஓட்டெடுப்பே நடத்திவிட்டார்கள். சந்தைக்கு ஆடு ஓட்டி வந்த ஒருவரும் என்ன ஏது என்று கேட்காமல் கை தூக்கினார். ஒன்பதுக்கு ஒன்பது. ஓட்டுப் போடாதவர் இவர் ஒருவர்தான். எல்லோரும் இவரையே பார்த்தார்கள். டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "ரெண்டு பக்கமும் நாயம் இருக்குதுங்க" என்று எழுந்து வந்துவிட்டார். பின்னால் எழுந்த கூச்சல் பட்டறை வரைக்கும் கேட்டது.

டூல்ஸ் கடைக்காரர் மூன்றாவது தடவை வந்தபோது கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணா, எதை வேணாலும் வெச்சுக்கங்க. ஒண்ணையாவது திருப்பிக் குடுத்துருங்க."

"நோடோணா" என்றார் இவர்.

இதற்குள் பங்குனியும் பாதி போய்விட்டது. தகடு வெட்டி வளைத்து, முதல் தொட்டிக்கு நான் வெல்டு வைத்து முடித்திருந்தேன். எது வசதியோ அதை எடுத்து மாதண்ணன் தேய்த்தார். பெரும்பாலும் கரண்டு மிஷின்தான், ஏனென்றால் அது நிற்காமல் ஓடியது. எனக்கு உள்ளூர எரிச்சல். இன்னும் மூன்று தொட்டி இருக்கிறது. இந்த வேலை சரியாக முடிந்தால் பெரிய பட்டறையாகலாம், கெட்டால் ஏரியூர்க்காரர் கத்தியதுபோல் பத்துப் பேர் வந்து கத்துவார்கள். இந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் ஆகாதா? அக்காவிடமே கேட்டேன். "நீங்களாச்சும் சொல்லக் கூடாதுங்களாக்கா?"

"நான் தேதிதான் வைக்கச் சொன்னேன்" என்றார் அக்கா. "மாப்பிளைய மாத்தச் சொல்லலியே."

முதல் தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பி ஒழுக்கு இருக்கிறதா என்று பார்த்தோம். ஒரு சொட்டும் இல்லை. தண்ணீரை வடித்துவிட்டார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் முகமூடியை மாட்டிக்கொண்டு இரண்டாவது தொட்டியில் உட்கார்ந்திருந்தேன். வெல்டிங் வெளிச்சத்தைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது.

"மாதா!"

அப்படி ஒரு சத்தத்தை அந்தப் பட்டறையில் நான் கேட்டதே இல்லை. யாரோ மாதாவைக் கூப்பிட்டு அழுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். முகமூடியைத் தூக்குவதற்குள் என் வெல்டிங் அணைந்தது. மின்விசிறி நின்றது. எல்லாமே நின்றுவிட்டது. கரண்டுப் பலகைக்குக் கீழே அவர் நின்றுகொண்டிருந்தார். மெயின் சுவிட்சை இழுத்த கை இன்னும் மேலேயே இருந்தது. சாலை ஓரத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்தவர். அவ்வளவு தூரத்தை எப்படிக் கடந்தார் என்று தெரியவில்லை. ஒரு செருப்பு வாசலில் கிடந்தது.

முதல் தொட்டியின் ஏணி மேல் மாதண்ணன். ஒரு கால் வெளியே, ஒரு கால் தொட்டிக்குள். கையில் கரண்டு மிஷின், வயர் பின்னால் தொங்கியது. அடியில் ஒரு இடம் தேய்க்காமல் விட்டுப்போனதைப் பார்த்து, சரிசெய்ய இறங்கிக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றியிருந்தார்.

இவர் போய் மிஷினை அவர் கையிலிருந்து வாங்கினார்.

"உள்ள தண்ணி நிக்குது மாதா."

"கொஞ்சந்தானுங்க ஓனரு. பாதம் நனையற அளவு."

"சுத்தியும் இரும்பு, காலுக்கடியில தண்ணி, கையில கரண்டு. வயரு எங்கயாச்சும் உரிஞ்சிருந்தா?" மூச்சு வாங்கியது அவருக்கு. "இனிமே தொட்டிக்குள்ள வயரு போகக் கூடாது. தண்ணி இருந்தாலும் சரி, காஞ்சு கெடந்தாலும் சரி. உள்ள காத்து மிஷினு மட்டுந்தான். இத வெளிப்பக்கம் தேய்க்க வெச்சுக்கலாம், சைட்டு வேலைக்கு எடுத்துட்டுப் போலாம்."

நாங்கள் காத்திருந்தோம். நோடோணா வரவில்லை. தாடையைச் சொறியவில்லை. கூரையைப் பார்க்கவில்லை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "அண்ணா, ஃபாதர் சொன்னாப்ல, கம்ப்ரஸரும் கரண்டுலதானே..."

"கம்ப்ரஸரு வெளியில நிக்கும்மா. உள்ள ரப்பர் ஹோஸுதான் போவுது." திரும்பி நடந்தார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். ஆறு வாரமாகக் கட்டிப்போட்டிருந்த முடிச்சு ஒரு வாய்ப் பேச்சில் அவிழ்ந்துவிட்டது. மாதண்ணன் ஏணியிலேயே உட்கார்ந்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வந்த சிரிப்புதான், ஆனாலும் நிற்கவில்லை.

சேதி டீக்கடைக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? சலீம் பாய் ஓடிவந்தார். "ஜெயிச்சாச்சா?" என்று வாசலிலேயே கேட்டார். இவர், "காத்து பத்தாதுங்களே பாய், எங்க கம்ப்ரஸரு சின்னது" என்றார். பாய் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "என்னுது எதுக்கு இருக்குது? ரெண்டையும் ஒண்ணாக் கோத்துருவோம்." பஞ்சர் கடைக் கம்ப்ரஸரை ஆறு பேர் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். அரூர் பஸ் நின்று வழிவிட்டது. கரண்டுக் கட்சி ஆட்களும் ஒரு பக்கம் பிடித்துத்தான் தள்ளினார்கள். குமார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்து, இரண்டு மோட்டாருக்கும் லைன் இழுத்துக் கொடுத்தார். "காத்து அடிக்கறது நம்ம மோட்டாருதான், ஞாபகம் வெச்சுக்கங்க" என்று பாயிடம் சொல்லிவிட்டுப் போனார். யாரோ கோயில் திருவிழாவில் மிஞ்சிய சரவெடியைக் கொண்டுவந்து சாலையோரம் கொளுத்தினார்கள். தெரியாமல் அந்த வழியாக வந்த டூல்ஸ் கடைக்காரர், பட்டறை திறப்பு விழாவோ என்று வண்டியை நிறுத்தினார். விஷயம் தெரிந்ததும் அவரும் ஒரு டீ குடித்தார்.

இரண்டு டேங்க் காற்று சேர்ந்ததும் அந்தச் சின்ன மிஷின் நிற்கவே இல்லை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நாங்கள் வெந்துகொண்டிருக்க, மாதண்ணன் தொட்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "ஸ்டெல்லா, இதுலருந்து குளுகுளுன்னு காத்து வருது. உள்ள ஏசி போட்டாப்ல இருக்குது. மத்தியானச் சோத்த இங்கயே எடுத்தா." காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டு, பெல்ட் மாற்றுகிற இடைவெளியில் மலைப்பாட்டு பாடுவார். தொட்டிக்குள் பாடினால் ஒரு குரல் நாலாகக் கேட்கும். சாலையில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

மூன்றாவது தொட்டி நடக்கும்போது பெல்ட் தீர்ந்துவிட்டது. "நம்பரு நோட்ல இருக்குது, பாத்துக் கடைக்குப் போன் பண்ணும்மா" என்றார். நான் அந்த நோட்டைத் திறந்தது அன்றுதான் முதல் தடவை. எடை, விலை, வேகம் என்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். பக்கம் பக்கமாக எங்கள் பெயர்கள் இருந்தன.

'மாதன். இடது மணிக்கட்டு வலி. கனமான மிஷின் ஆகாது' என்று காத்துப் பக்கம் எழுதியிருந்தது. எதிர்ப்பக்கம், 'மாதன். காத்து தீர்ந்தால் பீடி பிடிக்கிறான். ஒரு நாளைக்கு எட்டு.' இன்னொரு இடத்தில், 'ஹோஸ் தரையில் கிடந்தால் ஆத்தா மோர் கொண்டு வரும்போது தடுக்கும்.' அக்காவை அவர் தனியாக ஆத்தா என்று கூப்பிடுவார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்குக் கீழே, 'ஸ்டெல்லா. சத்தம் ஆகாது. தலை வலிக்கிறது. சொல்ல மாட்டாள்.'

நான் யாரிடமும் சொல்லவில்லை, உண்மைதான். மத்தியானத்துக்கு மேல் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டு உட்காருவேன். அதை யாராவது பார்ப்பார்கள் என்று நினைத்ததில்லை. பெல்ட் நம்பரைக் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆனது.

"கெடச்சுதாம்மா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"கெடச்சுதுங்கண்ணா."

பெல்ட்டோடு தர்மபுரியிலிருந்து இன்னொரு பொட்டலமும் வந்தது. காதை முழுக்க மூடுகிற கவசம், இரண்டு ஜோடி. ஒன்றை மாதண்ணனிடம் கொடுத்தார். இன்னொன்றை என்னிடம் கொடுக்கவில்லை. என் முகமூடி தொங்குகிற ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

தொட்டிகளைப் பார்க்க மேடம் வந்த அன்று அக்கா காலையிலேயே வந்துவிட்டார். இவரைக் காணோம். பட்டறைக்குப் பின்னால் புளியமரத்தடியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார். பஞ்சை மேலிருந்து கீழே இழுத்தார். குறுக்கே இழுத்தார். மூலைகளில் விரலால் அழுத்தி இழுத்தார். முதல் தொட்டி, இரண்டாவது, மூன்றாவது. நாலாவது தொட்டியில் கை நின்றது.

"இங்க வாங்க."

வெல்டு மேல் ஒரே ஒரு பஞ்சு நூல் ஒட்டிக்கொண்டு ஆடியது. மாதண்ணன் ஹோஸை இழுத்துக்கொண்டு உள்ளே இறங்கினார். மிஷின் ஒரு முறை கத்தி ஓய்ந்தது. மேடம் புதுப் பஞ்சு எடுத்து இழுத்தார். வழுக்கிக்கொண்டு போனது. திரும்பவும் இழுத்தார். பிறகு அந்தப் பஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"யாரு வெல்டு?" என்று கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாதண்ணன் கையையும் குலுக்கினார். மாதண்ணன் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் தூக்கியே வைத்திருந்தார்.

அக்கா பின்னால் போய்ப் புளியமரத்தைப் பார்த்துக் கத்தினார். "நோடாயித்து! வாங்க!"

வந்தார். "நாலுமா?" என்று கேட்டார். அக்கா தலையாட்டியதும் மேடத்தைப் பார்த்து, "டீ சாப்பிடறீங்களா, காப்பிங்களா?" என்றார். பட்டறையே சிரித்தது. மேடத்துக்கு ஏன் என்று புரியவில்லை.

அதற்கு மூன்று வருடம் கழித்து ஓசூரில் ஒரு கம்பெனியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. மருந்துத் தொழிற்சாலைகளுக்குத் தொட்டி செய்கிறவர்கள். பெண்கள் பத்துப் பேரை வேலைக்கு எடுக்கிறார்கள், அவர்களுக்கு வெல்டிங் பழக்கிக்கொடுத்து முன்நின்று நடத்த ஆள் வேண்டும். அப்பா தேறியிருந்தார். போக ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. நாலு நாள் கடிதத்தைச் சாப்பாட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஐந்தாம் நாள் மோர் குடிக்கிற நேரத்தில் ஆரம்பித்தேன்.

"அண்ணா, ஓசூர்ல ஒரு கம்பெனியில..."

"போம்மா" என்றார்.

"நான் இன்னும் சொல்லியே முடிக்கலீங்க."

"முடிக்க வேணாம். எப்பச் சேரணும்? ஒண்ணாந்தேதியா? போ."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு கேட்டுக்கு ரெண்டு நாள், ஒரு மிஷினுக்கு ஆறு வாரம் யோசித்த மனிதர். "ஏண்ணா, எனக்கு ஒரு நோடோணா கூடக் கெடையாதா?" என்று கேட்டுவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். மாதண்ணனும் சிரித்தார். இவர் மட்டும் தரையில் எதையோ சாக்குக்கட்டியால் கிறுக்கிக்கொண்டிருந்தார்.

கிளம்பிய அன்று, தர்மபுரியில் பெல்ட் வாங்க வேண்டியிருக்கிறது என்று கூடவே பஸ் ஏறினார். என் பையையும் அவரே வைத்துக்கொண்டார். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஓசூருக்கு இரண்டு பஸ் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று கிருஷ்ணகிரி வழி. இன்னொன்று பாலக்கோடு, ராயக்கோட்டை வழி. இரண்டு கண்டக்டர்களும் கதவைத் தட்டிக் கூப்பிட்டார்கள். கிருஷ்ணகிரி வழியென்றால் பெரிய ரோடு. பாலக்கோடு வழியில் அத்தை ஊர் வரும், பார்த்துவிட்டும் போகலாம். அதில் கூட்டம் குறைவு, இதில் நிறுத்தம் குறைவு. நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பினால் பக்கத்தில் அவர் இல்லை. பையும் இல்லை.

"ஏறும்மா, எடம் போட்டாச்சு!"

பாலக்கோடு வண்டியின் ஜன்னலில் அவர் தலை தெரிந்தது. ஏறிப் போய்ப் பார்த்தேன். பையை மேலே வைத்துவிட்டு, துண்டால் சீட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணா இது? அதுல போனா சீக்கிரம் போயிரலாங்களே."

"அதுல வெயில் படாத பக்கம் ஜன்னலோரம் காலியில்லம்மா" என்றார். கண்டக்டர் விசில் ஊதியதும் இறங்கி, பெல்ட் வாங்கப் போனார்.